பங்கிட முடியாத பொறுப்பு

கடனைப் பங்கிடலாம், சொத்தைப் பங்கிடலாம். நூறு ரூபாய்க் கடனை நூறு பேர் சேர்ந்து ஏற்றுக்கொண்டால், ஆளுக்கு ஒரு ரூபாய் என்று சுமை இலேசாகிவிடும். பாவத்தையும் அவ்விதம் பங்கிட்டு இலேசாக்கிக்கொள்ள முடியுமா? ஒரு பெருந்தீங்கு நூறு கைகளின் வழியே நடந்தேறுகிறது. ஒவ்வொரு கையும் செய்தது ஒரு சிறு பிழைதான். எந்தக் கையும் அத்தீங்கை நாடவில்லை. அப்படியானால் அதற்குப் பொறுப்பாளி யார்? நூறு பேருமா? கடைசியாகத் தொட்டவன் மட்டுமா? அல்லது எவருமே இல்லையா?

இது ஏட்டுக் கேள்வி அன்று. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் தந்தை மருந்தின்றிக் கிடக்கும்போது எழும் கேள்வி. பத்துப் பேர் உறுப்பினராக உள்ள நிர்வாகத்தில் பொதுச்சொத்து பாழாகும்போது எழும் கேள்வி. ஆயினும் நம் வீட்டையும் நம் ஊரையும் வைத்தே இதனை ஆராயப் புகுந்தால், உறவும் மனத்தாங்கலும் குறுக்கே நின்று கண்ணை மறைக்கும். எனவே நமக்கு உறவும் இல்லாத, பகையும் இல்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள்வது நலம். கடலைக் காண்பதற்கே நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டிய தர்மபுரிச் சீமையில், இண்டூரில் இருந்துகொண்டு ஒரு கப்பலைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கப்பலில் நிகழ்ந்தது எந்த ஊரிலும் நிகழக்கூடியதே.

கப்பலின் வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் பெருங்கடலில் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை ஓயாமல் மூழ்கடித்து வந்தன. மூழ்கும் வேகத்துக்கு ஈடாகப் புதிய கப்பல்கள் வேண்டியிருந்தன. கனடா நாட்டின் கப்பல் கட்டும் தளங்களில், ஒரே அச்சில் வார்த்தாற்போல ஒரே அமைப்பில் சரக்குக் கப்பல்கள் வரிசையாகக் கட்டப்பெற்றன. அவற்றுள் பிரிட்டனின் பயன்பாட்டுக்கு அளிக்கப்பட்ட பலவற்றுக்குக் கோட்டை என்னும் பொருள்படும் 'ஃபோர்ட்' என்ற அடைமொழியோடு பெயர் சூட்டினர். 'ஃபோர்ட் ஸ்டிகின்' அவ்வரிசையில் ஒன்று. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தில் 1942ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 7,142 டன் அளவுடையது. பழங்காலத்தில் தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடாக் கம்பெனி அலாஸ்காப் பகுதியில் வைத்திருந்த ஒரு வணிகக் கோட்டையின் பெயரே அதற்கு இடப்பட்டது.

அழகுக்காகவோ நெடுங்காலம் உழைப்பதற்காகவோ அக்கப்பல்கள் கட்டப்பட்டவை அல்ல. விரைவில் கட்டு, நிறைய ஏற்று, உடனே அனுப்பு என்பதே அவற்றின் பிறவி நோக்கம். ஃபோர்ட் ஸ்டிகினின் ஆயுள் இரண்டு ஆண்டுகள்கூட நிறைவாக இல்லை. அதன் கடைசிப் பயணத்தை மட்டும் சற்று விரிவாகக் காண்போம்.

1944 பிப்ரவரி 24ஆம் நாள் அக்கப்பல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையிலிருந்து புறப்பட்டது. ஜிப்ரால்டர், போர்ட் சயீத் வழியாகக் கராச்சிக்கு வந்து, அங்கிருந்து பம்பாய்க்குச் செல்ல வேண்டும். அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,395 டன் வெடிபொருள்கள் இருந்தன. அவற்றுள் 238 டன், சிறு அதிர்ச்சிக்கும் சூட்டுக்கும் இரையாகக்கூடிய மிகக் கொடிய வகை. பீரங்கிக் குண்டுகள், நீரடிக் கண்ணிகள், டார்பிடோக்கள், போர் விமானங்கள் ஆகியவையும் இருந்தன. இவற்றோடு, 31 பெட்டிகளில் பெட்டிக்கு நான்கு வீதம் 124 தங்கப் பாளங்களும் இருந்தன.

கராச்சியில் சரக்கின் ஒரு பகுதி இறக்கப்பட்டு, அவ்விடத்தில் வேறு சரக்கு ஏற்றப்பட்டது. என்ன சரக்கு? ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், அரிசி, பழைய இரும்பு, மீன் உரம் முதலியன. எரியக்கூடியதும் வெடிக்கக்கூடியதும் ஆகிய அனைத்தும் தம் கப்பலில் உள்ளன என்று கப்பல் தலைவர் அலெக்சாண்டர் ஜேம்ஸ் நைஸ்மித் மனம் நொந்து கூறியதாகப் பதிவு உண்டு. கூறினாரே தவிர, கப்பல் நிற்கவில்லை. போர்க்காலம். இடம் இருக்கும்போது ஏற்றாமல் விடக்கூடாது என்பது மேலிடத்து நெறி.

பஞ்சு எப்படிப்பட்ட பொருள் என்பதை நம் வட்டாரத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பொதிக்குள் ஒரு பொறி நுழைந்துவிட்டால் வெளியே சுடர் தெரியாது. மணிக்கணக்கில் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அந்தப் பஞ்சு, கப்பலின் இரண்டாம் அறையில் வெடிபொருளுக்கு மேலும் கீழுமாக அடுக்கப்பட்டது.

ஏப்ரல் 14

1944 ஏப்ரல் 12ஆம் நாள் கப்பல் பம்பாயின் விக்டோரியா துறைக்குள் வந்து கட்டப்பட்டது. வெடிபொருள் சுமந்துவரும் கப்பல் அபாயத்தை உணர்த்தும் செங்கொடி ஏற்றியிருக்க வேண்டும் என்பது விதி. கொடி ஏற்றப்படவில்லை. வெடிபொருளை முதலில் இறக்கிவிட வேண்டும் என்பது முறை. அதுவும் தாமதமாயிற்று. ஏப்ரல் 14, நண்பகல் கடந்தும் பெரும்பகுதி உள்ளேயே இருந்தது.

அன்று பகல் ஏறத்தாழ இரண்டு மணிக்கு இரண்டாம் அறையில் தீ என்று கூக்குரல் எழுந்தது. ஆனால் புகை அதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்னரே எழுந்திருந்தது. அண்டையில் நின்ற கப்பலில் இருந்த சிலர், காற்றுக் குழாயிலிருந்து புகை இழையோடுவதைக் கண்டார்கள். கண்டும் எவரிடமும் உரைக்கவில்லை. அது அவர்களுடைய கப்பல் அன்று. உரியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எண்ணியிருக்கலாம். இந்த ஓர் எண்ணத்தை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

தீயணைப்புப் படைக்குச் செய்தி போவதிலும் தாமதம். படை வந்தபின் 900 டன்னுக்கு மேற்பட்ட நீர் அறைக்குள் பாய்ச்சப்பட்டது. அடர்ந்த புகையில் தீ எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பாய்ச்சிய நீரோ கொதிநீராயிற்று. எரியும் பஞ்சுப் பொதிகள் அந்நீரில் மிதந்து மேலெழுந்து, மேல்தட்டில் இருந்த வெடிபொருளை நெருங்கின. அறையை மூடி நீராவியைச் செலுத்தித் தீயை மூச்சடைக்கச் செய்யும் அமைப்பு கப்பலில் இருந்தும், அது பயன்படுத்தப்படவில்லை.

கப்பலை இருந்த இடத்திலேயே மூழ்கடிப்பதா, கடலுக்குள் இழுத்துச் செல்வதா, நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பதா என்ற பேச்சு நடந்தது. கப்பலுக்கு ஒரு தலைவர்; துறைமுகத்துக்கு ஒரு தலைவர்; வெடிபொருளுக்கு ஓர் அதிகாரி; தீயணைப்புக்கு ஒரு தலைவர். ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருந்தது. இதைச் செய் என்று கட்டளையிடும் முழு அதிகாரம் மட்டும் ஒருவரிடமும் இல்லை. மாலை 3.50க்குக் கப்பலைக் கைவிடும் உத்தரவு பிறந்தது. 4.06க்கு அது வெடித்தது.

கப்பல் இரண்டாகப் பிளந்தது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. வெகு தொலைவில் உள்ள சிம்லாவின் நிலநடுக்கப் பதிவுக் கருவியும் அதை உணர்ந்தது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இரண்டாம் வெடிப்பு. சிந்தியா கம்பெனியின் 'ஜலபத்மா' என்ற கப்பலின் பின்பாகம் நீரிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கரையில் இருந்த கிடங்கின்மேல் விழுந்தது. பதின்மூன்று கப்பல்கள் அழிந்தன. எரியும் பஞ்சு மழையாகப் பொழிந்து துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளைக் கொளுத்தியது. வங்கப் பஞ்சத்தின் வடு ஆறாத அக்காலத்தில் 50,000 டன்னுக்கும் மேலான உணவுத் தானியம் சாம்பலாயிற்று. தீயை அடக்க மூன்று நாட்கள் ஆயின. இடிபாடுகளை அகற்றித் துறையைச் சீர்செய்ய 8,000 பேர் ஏழு மாதம் உழைத்தனர். ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். இறந்தவர் 800 என்பாரும் உளர். 1,300 என்பாரும் உளர்.

நூல் பிரித்த விசாரணை

பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நாசவேலை என்ற ஐயம் விலக்கப்பட்டது. இரண்டாம் அறையின் பஞ்சில் தற்செயலாகப் பற்றிய தீயே காரணம். அங்கே வேலை செய்தவருள் எவரோ புகைத்து எறிந்த துண்டு அதற்கு வித்தாகியிருக்கலாம் என்பது முடிவு. அத்துடன் பிழைகளின் பட்டியலும் தரப்பட்டது. வெடிபொருளோடு பஞ்சை அடுக்கியது, செங்கொடி ஏற்றாதது, வெடிபொருளை இறக்கத் தாமதித்தது, நீராவியைப் பயன்படுத்தாதது, தீயணைப்புப் படைக்குத் தாமதமாகச் செய்தி அனுப்பியது.

இந்தப் பட்டியலை ஊன்றிப் பாருங்கள். இவற்றுள் எந்த ஒன்றைத் தனியே எடுத்தாலும் பேரழிவு என்று சொல்ல முடியாது. பஞ்சோடு வெடிபொருளை அடுக்கியும் தீப்பிடிக்காமல் வந்து சேர்ந்த கப்பல் இருக்கலாம். கொடி ஏற்றாமல் நின்ற கப்பல் பத்திரமாகத் திரும்பிப் போயிருக்கலாம். செய்தி சற்றுத் தாமதித்தும் அணைந்த தீ எத்தனையோ! ஒவ்வொருவரும் தம் பிழையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, "இதனாலா இத்தனை பேர் மாண்டார்கள்?" என்று கேட்டால், "இல்லை" என்றே விடை வரும். அனைவரையும் அவ்விதம் விடுவித்துவிட்டால் எஞ்சுபவன் யார்? பெயர் தெரியாத ஒரு கூலித் தொழிலாளி. அவன் புகைத்தது பிழைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தன் காலடியில் என்ன கிடக்கிறது என்பதை அறிவிக்கும் கொடி அவன் தலைக்குமேல் பறக்கவில்லை. எல்லோரிலும் குறைவாக அறிந்திருந்தவன்மீது எல்லோரிலும் பெரிய பழி விழுகிறது. அறிந்தவர்களின் பிழைகளோ 'சூழ்நிலை' என்ற பெயரைப் பெற்றுக்கொள்கின்றன. இது நீதியா?

தியத்தும் கஃப்பாராவும்

நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஃபிக்ஹு நூல்கள் இக்கேள்வியை வேறொரு வாயிலாக என்றோ தொட்டுவிட்டன. ஒருவர் தவறுதலாக ஓர் உயிரைப் போக்கிவிட்டால், அவர்மீது இரண்டு கடமைகள் விதியாகின்றன என்பது அந்நிஸா அத்தியாயத்தின் தெளிவான சட்டம். ஒன்று தியத்து, இறந்தவரின் குடும்பத்தாருக்குச் சேர வேண்டிய ஈட்டுத்தொகை. மற்றொன்று கஃப்பாரா, அடிமையை விடுதலை செய்தல், அதற்கு இயலாவிடில் இரண்டு மாதம் தொடர் நோன்பு நோற்றல் என்னும் பரிகாரம்.

இப்போது பலர் சேர்ந்து தவறுதலாக ஓர் உயிரைப் போக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்ட அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்? தியத்து ஒன்றுதான். அது அவர்களுக்குள் பங்கிடப்படும். பத்துப் பேர் என்றால் பத்தில் ஒரு பங்கு. ஆனால் கஃப்பாரா பங்கிடப்படுவதில்லை. ஒவ்வொருவர்மீதும் அது முழுமையாகக் கடமை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்பு. பத்துப் பேர் என்றால் இரண்டு மாதத்தைப் பத்தாக வகுத்து ஆளுக்கு ஆறு நாள் நோன்பு நோற்பது செல்லாது. பத்துப் பேரும் தலைக்கு இரண்டு மாதம் நோற்க வேண்டும்.

என்ன நுட்பமான பார்வை! தியத்து மனிதருக்குச் சேர வேண்டிய பொருள். பொருளுக்குக் கணக்கு உண்டு. கணக்குக்கு வகுத்தல் உண்டு. கஃப்பாரா ஒருவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. அவனுடைய உள்ளத்தைக் கழுவ வந்தது. உள்ளத்தைப் பத்தாக வகுக்க முடியாது. ஆகவே அதன் கடமையையும் வகுக்க முடியாது. இழப்பீட்டில் பங்கு உண்டு. குற்றவுணர்வில் பங்கு இல்லை. நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு இதைவிடத் துல்லியமான விடை கிடைப்பது அரிது.

ஒரு தடை எழலாம். நேரே செய்தவனும் காரணமாக இருந்தவனும் ஒன்றாகுமா? ஆக மாட்டார்கள். பொதுவழியில் கிணறு வெட்டி மூடாது விட்டான் ஒருவன்; அதில் வீழ்ந்து இறந்தான் மற்றொருவன். வெட்டியவன்மீது கஃப்பாரா இல்லை என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து. உண்டு என்பது ஷாஃபிஈ அறிஞர்களின் கருத்து. கருத்து வேற்றுமை இருக்கவே செய்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கஃப்பாரா இல்லை என்ற ஹனஃபிகளும் தியத்திலிருந்து அவனை விடுவிக்கவில்லை. 'நான் கிணறுதானே வெட்டினேன், அவனைத் தள்ளவில்லையே' என்ற வாதம் இரு சாராரிடமும் எடுபடவில்லை. செங்கொடி ஏற்றாத கப்பல், மூடப்படாத கிணறு. அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அவசியம் என்னும் வாதம்

'போர்க்காலம், வேறு வழி இல்லை' என்பது அக்கப்பலின் பொருட்டுச் சொல்லப்பட்ட பெரிய சமாதானம். இதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. அவசியம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது நம் சட்டவியலும் ஒப்பிய விதியே. அதே மூச்சில், அவசியத்தின் அளவுக்கு மேல் ஒரு விரற்கடை கூட அனுமதி நீளாது என்பதையும் அது சொல்லிவைத்தது.

இந்த அளவுகோலை வைத்துப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்ப்போம். வெடிபொருள் கப்பலைத் துறைக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கியது நேரத்தை மிச்சப்படுத்தவே. போரின் அவசியம் என்று ஒருவாறு ஏற்கலாம். பஞ்சைத் தனிக்கப்பலில் அனுப்பக் கப்பல் கிடைக்கவில்லை என்பதையும் ஒருவாறு ஏற்கலாம். ஆனால் ஒரு செங்கொடியை ஏற்ற எத்தனை நிமிடம் ஆகும்? அதை ஏற்றாததால் போர் எத்தனை நாள் முன்னதாக வெல்லப்பட்டது? புகையைக் கண்டவர் வாய்திறந்து உரைப்பதற்கு எந்த அவசியம் தடையாக நின்றது? ஆபத்து நேரத்தில் யாருடைய சொல் இறுதிச் சொல் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

அவசியத்தின் பெயரால் செய்யப்பட்ட பிழைகளைக் காட்டிலும், அவசியத்தின் நிழலில் ஒதுங்கிக்கொண்ட அலட்சியங்களே அதிகம் என்பது இங்கே புலனாகின்றது. போர் என்று சொல்லிக் கொண்டால் எல்லாம் மன்னிக்கப்படும் என்ற எண்ணம் ஒருமுறை புகுந்துவிட்டால், அவசியமானது எது, சோம்பல் எது என்று பிரிக்கும் கண் மங்கிவிடுகிறது. நம் வீடுகளில் 'கல்யாண நேரம்', 'தேர்தல் நேரம்', 'கஷ்ட காலம்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

கப்பல் ஆபத்தில் சிக்கினால், ஏறியிருப்போரின் உயிரைக் காக்கும் நம்பிக்கை உள்ளபோது சரக்கைக் கடலில் எறிவது ஆகுமானது மட்டுமன்று, கடமையும் ஆகும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' கூறுகிறது. உயிருக்கு முன் சரக்கு ஒன்றுமில்லை என்பது காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கலம் செலுத்திய நம் மரக்காயர்களுக்கு ஓதித் தரப்பட்ட சட்டம். ஆனால் எறி என்று சொல்ல ஒருவர் வேண்டும். பம்பாயில் ஆலோசனை சொல்லப் பலர் இருந்தார்கள். கட்டளையிட ஒருவர் இல்லை. கூட்டுப் பொறுப்பு என்பது அழகிய சொல். ஆயினும் அதன் உள்ளே பெயர் குறித்த ஒரு தனிப்பொறுப்பு இல்லாவிட்டால், அது பொறுப்பின்மையின் மறுபெயராகவே முடியும்.

எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்

அக்கப்பலில் இருந்த தங்கம் எப்படிப் பாதுகாக்கப்பட்டது தெரியுமா? பெட்டி பெட்டியாக எண்ணி, பாளம் பாளமாகக் குறித்து, எஃகுக் கூண்டுக்குள் வைத்துப் பற்றவைத்து மூடப்பட்டிருந்தது. வெடிப்பில் அது நகரெங்கும் சிதறியது. பின்னர் ஒவ்வொரு பாளமாகத் தேடி மீட்கப்பட்டது. அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் துறையைத் தூர் வாரும்போதும் தங்கப் பாளங்கள் கிடைத்தன. 124 என்ற கணக்கு இன்றும் நமக்குத் தெரியும். இறந்த மனிதர்களின் கணக்கோ 800இலிருந்து 1,300 வரை தள்ளாடுகிறது. எதை எண்ணி வைத்தோம், எதை எண்ணாமல் விட்டோம் என்பதே நாம் எதை அமானிதமாகக் கருதினோம் என்பதற்குச் சான்று.

ஆனால் அதே தங்கம் மற்றொரு காட்சியையும் நமக்குக் காட்டுகிறது. துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் குடியிருந்த பார்ஸி முதியவர் ஒருவரின் மாடி வீட்டுக்குள், வெடிப்பின் வேகத்தில் ஒரு தங்கப் பாளம் கூரையைப் பிளந்துகொண்டு வந்து விழுந்தது. நகரமே எரிந்துகொண்டிருந்தது. யார் வந்து எண்ணப் போகிறார்கள்? அவர் அதைக் கொண்டுபோய் உரியவர்களிடம் ஒப்படைத்தார். அவரிடம் எவரும் எதையும் ஒப்படைத்ததில்லை. தம் கைக்கு வந்ததனாலேயே அது தம் பொறுப்பாயிற்று என்று அவர் உணர்ந்தார். பொறுப்பு என்பது நியமன உத்தரவோடு மட்டும் வருவதன்று; சில வேளைகளில் கூரையைப் பிளந்துகொண்டும் வரும்.

பம்பாய்த் தீயணைப்பு வீரர்களையும் இங்கே நினைக்க வேண்டும். வெடிபொருள் என்று அறிந்த பின்னும் அவர்கள் நீர்க்குழாயை விட்டு அகலவில்லை. கப்பலில் பஞ்சை அடுக்கியது அவர்கள் அல்லர். கொடியை மறந்ததும் அவர்கள் அல்லர். பிறருடைய பிழைகள் அனைத்தும் ஒன்றாகத் திரண்டு நின்ற இடத்தில் அவர்கள் நின்றார்கள். அவர்களுள் 66 பேர் மாண்டனர். அந்த ஏப்ரல் 14ஆம் நாளையே இந்தியா இன்றும் தீயணைப்புப் பணியாளர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. கப்பல் தலைவர் நைஸ்மித்தும் உயிர் தப்பவில்லை. அவர் முன்பு வாயால் சொன்ன கவலை அவரைப் பொறுப்பிலிருந்து முற்றும் விடுவித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கவலையைக் கூடச் சொல்லாமல் கையொப்பமிட்டவர்களோடு அவரை ஒரே தட்டில் நிறுத்தவும் மனம் ஒப்பவில்லை.

கண்டவன் கடமை

இனி, புகையைக் கண்டும் பேசாதிருந்த அந்த அண்டைக் கப்பலாரிடம் வருவோம். அவர்கள் பொருள்களை அடுக்கவில்லை, புகைக்கவில்லை, விதி எதையும் மீறவில்லை. எந்தச் சட்டப் புத்தகமும் அவர்களைத் தண்டிக்காது. ஆயினும் அந்த ஒரு மணி நேரம் அவர்கள் கையில் இருந்தது. தீ சிறிதாக இருந்த நேரம் அது.

ஃபர்ளு கிஃபாயா என்று ஒரு வகைக் கடமை நம்மிடம் உண்டு. ஊரில் ஒருவர் இறந்தால் ஜனாஸாத் தொழுகை சிலர் தொழுதாலே போதும். மற்றவர் கடமை நீங்கிவிடும். இதைப் பலர் 'யாராவது செய்தால் சரி' என்ற சலுகையாகவே நினைக்கிறார்கள். அதன் மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். எவருமே செய்யாவிட்டால், அறிந்தும் இயன்றும் இருந்த அனைவரும் பாவிகள். பங்கு போட்ட பாவிகள் அல்லர், முழுப் பாவிகள். மேலும், அறிந்தவர் ஒருவரே என்றால், அந்தப் பொதுக்கடமை அவர்மீது தனிக்கடமையாக, ஃபர்ளு ஐனாக, வந்து விடிகிறது. பொறுப்பைத் தீர்மானிப்பது பதவி மட்டுமன்று. அறிவும் இயலுமையும் ஆகும். கண்ட கணத்தில் அது அவருடைய கப்பலாகிவிட்டது.

நமக்கு அருகில் ஒகேனக்கலில் பரிசல் ஓடுகிறது. ஓட்டுபவர் அளவுக்குமேல் ஓர் ஆளை ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறுபவர், 'ஓட்டுபவருக்குத் தெரியாததா' என்று ஏறுகிறார். ஏற்கெனவே அமர்ந்திருப்பவர், 'ஏறுபவருக்கே அச்சமில்லாதபோது நமக்கென்ன' என்று இருக்கிறார். கரையில் நிற்பவர், 'காவலர் பார்த்துக்கொள்வார்' என்கிறார். சுழலுக்கு இந்த வாதங்கள் எதுவும் தெரியாது. அது எடையை மட்டுமே அறியும்.

நம் முன்னோர் இதை உணர்ந்தே இருந்தார்கள். ஏரியும் கால்வாயும் ஊருக்கே பொது. குடிமராமத்து என்று ஊரே கூடிக் கரையைச் செப்பனிட்டது. ஆனால் மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஊர் முழுவதையும் அவர்கள் நியமிக்கவில்லை. அதற்கென ஓர் ஆளைக் குறித்து, அவருக்கு நெல்லில் ஒரு பங்கும் ஒதுக்கினார்கள். உழைப்பைப் பொதுவில் வைத்தார்கள். பொறுப்பை ஒருவர் பெயரில் வைத்தார்கள். அதோடு, கரையில் கசிவைக் கண்டவன் ஆடு மேய்க்கும் சிறுவனே ஆயினும் ஓடிவந்து சொல்லவேண்டும் என்பதும் ஊர் வழக்கம். பெயர் குறித்த ஒருவரும் வேண்டும். கண்டால் உரைக்கும் அனைவரும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கரை நிற்காது.

நம் குடும்பங்களுக்கு இதனை ஒட்டிப் பார்ப்போம். முதிய தந்தைக்கு நான்கு மக்கள். மூத்தவர் பணம் அனுப்புகிறார். இரண்டாமவர் வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறார். மூன்றாமவர் வீட்டோடு வைத்திருக்கிறார். மகள் வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறாள். நால்வரும் நல்லவர்களே. ஆனால் இரவு மாத்திரையை அவர் விழுங்கினாரா என்று கேட்பது யாருடைய வேலை என்று எவரும் வகுக்கவில்லை. அவர் இல்லாமற் போன பிறகு நால்வரும் தத்தம் பங்கை எடுத்துச் சொல்வார்கள். நால்வர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அந்த உண்மைகள் நான்கையும் சேர்த்தாலும் ஒரு மாத்திரை ஆகாது.

ஆகவே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'இதில் என் பங்கு எவ்வளவு?' என்பதன்று. அது பொருளுக்கு உரிய கேள்வி. பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு உரிய கேள்வி. உயிருக்கும் உள்ளத்துக்கும் உரிய கேள்வி வேறு. 'இதை நான் அறிந்திருந்தேனா? தடுக்க எனக்கு இயன்றதா? அப்போது நான் என்ன செய்தேன்?' என்பதே அது. இம்மூன்றுக்கும் விடை சொல்லுமிடத்தில் நம் பக்கத்தில் வேறு எவரும் நிற்கமாட்டார். கூட்டத்தோடு கூட்டமாகப் பிழை செய்யலாம். கணக்குக் கொடுக்கையில் ஒவ்வொருவரும் தனித்தே அழைக்கப்படுவர்.

ஃபோர்ட் ஸ்டிகின் கடலில் எந்த எதிரியாலும் மூழ்கடிக்கப்படவில்லை. நீர்மூழ்கிகள் திரிந்த கடல்களை எல்லாம் கடந்து, பத்திரம் என்று கருதப்பட்ட துறைக்குள் வந்து, நட்புக் கரையில் கட்டப்பட்டு நின்றபோதே அது அழிந்தது. பகைவனிடம் விழித்திருக்கும் நாம், 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்ற நினைப்பிடம் உறங்கிவிடுகிறோம். புகை முதலில் மெல்லியதாகத்தான் எழும். அதைக் காணும் கண் நம்முடையதானால், உரைக்கும் வாயும் நம்முடையதாக இருக்கட்டும்.